மணாலியிலிருந்து காங் யாட்சே வரை: மெதுவாகப் போகிறவனின் நாட்குறிப்பு

முதல் நாள், மர்ஹி

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு கிலோ, பிரேக் கட்டை நான்கு ஜோடி, டியூப் ஆளுக்கு மூன்று. இவற்றையெல்லாம் கேரியர் பைகளில் திணித்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு மணாலியை விட்டுக் கிளம்பினோம், நானும் தம்பியும். உடன்பிறந்த தம்பி அல்ல, எங்கள் தெருப் பையன். அவனுக்கு வயது 28, எனக்கு 47. நியாயமாக என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். சைக்கிள் ஓட்டுகிற ஒரே சலுகையில் அண்ணா என்கிறான்.

திட்டம் அவனுடையது. செப்டம்பரில் லடாக்கில் நடக்கும் கர்துங் லா ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். லா என்றால் கணவாய். கர்துங் கிராமத்தில் இருட்டில் தொடங்கி, கணவாயைத் தாண்டி லே நகரம் வரை 72 கிலோமீட்டர். அதற்கு உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும். விமானத்தில் போய் இறங்கி அறையில் படுத்துப் பழகுவதற்குப் பதில், மணாலியிலிருந்து சைக்கிளில் போய், அப்படியே ஒரு சிகரமும் ஏறிவிட்டால் என்ன என்று கேட்டான். எனக்கும் விடுமுறை மிச்சம் இருந்தது.

2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு லாரியும் பஸ்ஸும் மலையைத் துளைத்துக்கொண்டு போய்விடுகின்றன. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கம், 46 கிலோமீட்டர் மிச்சம். நாங்கள் பழைய ரோதாங் கணவாய் வழியையே பிடித்தோம். மிச்சம் பிடிப்பதற்கா வந்தோம்?

மர்ஹி வரை முழுக்க ஏற்றம். தம்பி ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய்க் காத்திருந்தான். அவன் மூச்சு வாங்கி முடித்துக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக நான் போய்ச் சேர்வேன். இரவு ராஜ்மாவும் சோறும்.

இரண்டாம் நாள், சிஸ்ஸு

ரோதாங் 3,978 மீட்டர். பெயருக்குப் பிணக்குவியல் என்று பொருள் சொல்கிறார்கள். பழைய காலத்து வழிப்போக்கர்கள் எத்தனை பேர் பனிப்புயலில் மாண்டார்களோ. இன்று மூடுபனியும் சேறும்தான். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிட, ஐஸ்கிரீம் குச்சியால் தோண்டி எடுத்தோம்.

கணவாயைத் தாண்டி அரை மணி நேரம் இறங்கியதும் வானம் வேறாகிவிட்டது. பருவமழை மேகம் அந்தப் பக்கத்துச் சரிவிலேயே தன் சரக்கை இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் லாஹுல். பச்சை குறைந்து மலை மண்நிறத்துக்கு மாறுகிறது. கீழே சந்திரா ஆறு சாம்பல் கரைத்த தண்ணீர்போல ஓடுகிறது.

மூன்றாம் நாள், கேலாங்

தண்டியில் சந்திராவும் பாகாவும் சேர்கின்றன. சேர்ந்த ஆறுதான் கீழே போய்ச் செனாப் ஆகிறது. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை புகழ்பெற்றது. எல்லோரும் அங்கே படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். எங்களுக்கு வேண்டிய எரிபொருள் பக்கத்துக் கடையில் பரோட்டாவாகக் கிடைத்தது. வேறு விசேஷம் இல்லை.

நான்காம் நாள், ஜிஸ்பா

கேலாங்கிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். பத்தரை மணிக்கே கூடாரம் போட்டாயிற்று. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தம்பி ஷூ மாட்டினான்.

"எங்கே?"

"சும்மா ஆற்றோரமாக ஒரு பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறேன் அண்ணா."

"நாளை நாலாயிரத்துக்கு மேல் தூங்கப் போகிறோம். இன்று கால் ஆறட்டும்."

சிரித்தான். மாரத்தானை மூன்றே கால் மணி நேரத்தில் முடிப்பவனுக்குப் பத்து கிலோமீட்டர் என்பது பல் துலக்குவது மாதிரி. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான், முகம் பிரகாசமாக. ஆட்டுப்பாதை வழியாக ஒரு மொட்டைப் பாறை வரை ஏறியதாகவும், மூச்சு கொஞ்சமும் இரைக்கவில்லை என்றும் சொன்னான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அறிவுரையாக மாற்றி, நிதானம்பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

இதற்கு மேல் கைப்பேசி இணைப்பு கிடையாது. இனி எழுதுவதெல்லாம் நோட்டில் பென்சிலால். லேயில் இறங்கியபின் சேர்த்துப் பதிகிறேன்.

ஆறாம் நாள், சர்ச்சு

நேற்று ஜிங்ஜிங்பாரில் தகரக் கொட்டகையில் தூங்கியதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்றைக்கு உண்டு.

காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். பரலாச்சா லாவுக்குப் போகும் சாலையில் பனிப்பாறை ஓடைகள் குறுக்கே ஓடும். விடியலில் அவை வாய்க்கால். வெயில் ஏறப் பனி உருகி, மாலையில் அதே வாய்க்கால் லாரியை நிறுத்தும். நாங்கள் கடந்தபோது கணுக்கால் அளவுதான். கூழாங்கல்லில் சக்கரம் வழுக்கியதும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு கடந்தேன். ஏழெட்டு அடி அகலம்தான் இருக்கும். கரை ஏறியபோது பாதம் என்னுடையதாக இல்லை.

பிறகு சூரஜ் தால் ஏரி. பாகா ஆறு பிறக்கும் இடம். அந்த நீலத்தைச் சொல்லப் போனால் மயில்கழுத்து என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விடுவேன், வேண்டாம். கணவாய் 4,890 மீட்டர். அங்கே தம்பி வழக்கம்போல் முதலில் நின்றான். ஆனால் காத்திருந்தவன் உட்கார்ந்திருந்தான். இதற்குமுன் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சர்ச்சுவுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. கூடாரத்துக்குள் போனவன் வெளியே வரவில்லை. தலைவலி என்றான். இரவு தால் சாப்பிடவில்லை. கடலை மிட்டாயை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏழாம் நாள், சர்ச்சுவிலேயே

இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை அரை மணிக்கு ஒரு தரம் அவனை எழுப்பினேன். பெயர், ஊர், நாளை என்ன கிழமை என்று கேட்டேன். எழுந்து நின்று ஒரு காலடிக்கு முன் மறு காலடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நடை தடுமாறினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு நிமிடம்கூட அங்கே வைத்திருக்கக் கூடாது. மூன்றாவது தடவை எழுப்பியபோது திட்டினான். திட்டு தெளிவாக இருந்தது, மனதுக்கு நிம்மதி.

சர்ச்சு ஒரு பொறி. ஜிஸ்பாவில் 3,200 மீட்டரில் தூங்கியவர்கள் வண்டியில் ஒரே மூச்சாக வந்து இங்கே 4,290 மீட்டரில் படுக்கிறார்கள். நாங்கள் நடுவில் ஓர் இரவு வைத்தும் போதவில்லை. உயரத்தில் நோய் வந்தால் வைத்தியம் ஒன்றுதான், கீழே இறங்குவது. இங்கிருந்தோ எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற வேண்டும். திரும்பினால் பரலாச்சா, முன்னால் போனால் ஐந்தாயிரத்தைத் தொடும் கணவாய்கள். கிண்ணத்துக்குள் விழுந்த எறும்பு மாதிரி. அடுத்த கூடாரத்து ஜீப் ஓட்டுநரிடம், தேவைப்பட்டால் நள்ளிரவிலும் கேலாங்குக்குத் திரும்ப வேண்டும் என்று பேசி வைத்திருந்தேன். அவர் பணம்கூடப் பேசவில்லை. வண்டியின் மூக்கைத் தெற்குப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் தம்பி தானாகவே எழுந்து வந்து, "பசிக்கிறது" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக இரவு முழுக்கக் காத்திருந்தேன். மலைநோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டயாமாக்ஸ் மாத்திரை, மூன்று தட்டு மேகி, பகல் முழுக்கத் தூக்கம். இன்று பயணம் இல்லை.

மாலையில் அவனே பேச்சை எடுத்தான். "ஜிஸ்பாவில் ஓடியிருக்கக் கூடாதோ?"

ஓட்டம்தான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நன்றாகப் பயிற்சி எடுத்தவனையும் மலைநோய் விடுவதில்லை. சோம்பேறியைச் சில சமயம் விட்டுவிடுகிறது. ஆனாலும் நான் "ஆமாம்" என்றேன்.

எட்டாம் நாள், விஸ்கி நாலா

இங்கே ஓடைகளுக்கு விஸ்கி, பிராந்தி என்றெல்லாம் பெயர். இரண்டிலும் தண்ணீர்தான்.

இன்றைய பெரிய விஷயம் கட்டா வளைவுகள். 21 கொண்டை ஊசி வளைவுகள். எழுபது வளைவுக் கொல்லிமலைக்கு முன்னால் இந்த எண்ணிக்கை ஒன்றுமே இல்லை. ஆனால் இவை தொடங்குகிற இடத்துக்கும் கீழேதான் நம் ஊர் மலைகள் எல்லாம் முடிந்துவிடுகின்றன. முன்னால் 24 பல், பின்னால் 34 பல். இதுதான் என் சைக்கிளின் மிகச் சிறிய கியர். மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஒன்றரை மீட்டர்கூட நகராது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர். பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால் பேசிக்கொண்டே போகலாம்.

உள்ளிழுக்கும்போது இரண்டு மிதி, வெளிவிடும்போது இரண்டு மிதி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பத்தாவது வளைவில் அது ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. தம்பி இன்று என் பின்னால் வந்தான். என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, தாண்டாமல். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவனுடைய பிரேக் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. ஏற்றத்தில் பிரேக் போடுகிறவனை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

மேலே ஒரு வளைவில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன, நூற்றுக்கணக்கில். குளிர்காலத்துக்குச் சற்று முன் இங்கே ஒரு லாரி பழுதாகி நின்றதாம். ஓட்டுநர் உதவி தேடிப் போயிருக்கிறார். அதற்குள் பனி சாலையை மூடிவிட, வண்டியோடு இருந்த கிளீனர் தாகத்திலும் குளிரிலும் இறந்துபோனான். அதற்குப் பிறகு போகிற வருகிறவர்களிடம் ஓர் உருவம் தண்ணீர் கேட்டது என்று கதை. அன்றிலிருந்து லாரிக்காரர்கள் பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள், சிலர் சிகரெட்டும்.

எங்களிடம் இருந்தது ஆளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. நக்கீ லாவைத் தாண்டினால்தான் அடுத்த ஓடை. தம்பி தன் பாட்டிலைக் கையில் எடுத்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பாட்டிலைப் பார்த்தான். பிறகு மூடியைத் திறந்து ஒரு மூடி அளவு ஊற்றி அந்தக் குவியலின் முன்னால் மண்ணில் விட்டான். மண் உடனே குடித்துவிட்டது.

ஒன்பதாம் நாள், பாங்

லாச்சுங் லா, 5,065 மீட்டர். ஐந்தாயிரத்துக்கு மேல் முதல் கணவாய். அதைப்பற்றி எழுத இருக்கும் தெம்பைவிடச் சோற்றைப்பற்றி எழுத இருக்கும் தெம்பு அதிகம்.

பாங் 4,600 மீட்டர். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும், ஆனால் அதில் போட்ட அரிசி வேகாது. வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று இருக்கும். கூடாரக் கடை நடத்தும் அம்மாவை இங்கே எல்லோரும் அமா-லே என்கிறார்கள். அவரிடம் பிரஷர் குக்கர் ஒன்று இருந்தது. மூடிப் பிடி உடைந்து கம்பியால் கட்டியது. அதை அடுப்பில் வைத்துவிட்டு, சத்தம் எண்ணாமல், மூடிமேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்துப் பார்த்து இறக்கினார். பதமாக வெந்திருந்தது. எங்கள் வீட்டில் விசில் எண்ணியே குழைந்த சோறு எத்தனை நாள்.

தம்பி மூன்று தட்டுச் சாப்பிட்டான். பிறகு உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, ரசம் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்கும்.

பத்தாம் நாள், டெப்ரிங்

மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டர் தட்டையான, தார் போட்ட, நேரான சாலை. இதில் ஒரு நாள் ஓய்வாகப் போய்விடலாம் என்று வரைபடத்தில் பார்த்தபோது நினைத்திருந்தோம். பதினொரு மணிக்கு எதிர்க்காற்று தொடங்கியது. ஏற்றத்தில் ஒரு வளைவு போனால் அடுத்த வளைவு என்று மனத்துக்குப் பிடிமானம் உண்டு. இங்கே மூன்று மணி நேரம் மிதித்தபிறகும் எதிரே அதே மலை, அதே தூரத்தில். தூரத்தில் சாங்பா இடையர்களின் ஆடுகள். பஷ்மினா நூல் தரும் வெள்ளாடுகள். அவை எங்களைவிட வேகமாக நகர்ந்தன. எனக்கு அழுகை வந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். காரணம் எதுவும் இல்லை.

பதினொன்றாம் நாள், ரும்ட்சே

தங்லங் லா. கணவாயில் நட்டிருக்கும் பலகை 17,582 அடி என்கிறது, வரைபடங்கள் அதைவிடக் கொஞ்சம் குறைத்து 5,328 மீட்டர் என்கின்றன. லேயிலிருந்து ஏறும் கர்துங் லாவில் பலகை இன்னும் தாராளம்: 18,380 அடி, உண்மையில் 5,359 மீட்டர்தான். அதாவது சுமார் 17,580 அடி. எண்ணூறு அடி கூடுதலாக எழுதியதால் மூச்சு ஒன்றும் கூடுதலாக வாங்கப்போவதில்லை. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறையப் பாதிதான் இரண்டு இடத்திலும்.

தம்பி இன்றைக்கும் என் பின்னால்தான் வந்தான். கடைசி இருநூறு மீட்டரில், "போ" என்றேன். போனான்.

பன்னிரண்டாம் நாள், லே

உப்ஷியில் சிந்து நதி. நதியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன், ஏன் என்று தெரியாது. கையைக் கீழே இறக்கியபோதுதான் பின்பிரேக் கட்டை இரும்புவரை தேய்ந்திருந்ததைக் கவனித்தேன். நேற்று முப்பது கிலோமீட்டர் இறக்கம் முழுக்க ரிம்மைச் சீவிக்கொண்டு வந்திருக்கிறது. திக்ஸே, ஷே மடங்களைத் தாண்டி மாலை ஐந்துக்கு லே. பன்னிரண்டு நாளில் முதல் வெந்நீர்க் குளியல்.

பதினான்காம் நாள், லே

விடிகாலை சாந்தி ஸ்தூபி வரை ஓடினோம். 1991இல் கட்டி முடித்த வெள்ளை ஸ்தூபி, ஐந்நூறுக்கு மேல் படிகள். மணாலியில் இறங்கிய அன்று இந்தப் படியில் விட்டிருந்தால் ஐம்பதாவது படியில் உட்கார்ந்திருப்பேன். இன்று நிற்காமல் ஏறினேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடையும் இல்லை. தம்பி இரண்டு தடவை ஏறி இறங்கினான்.

நாங்கள் ஏறப்போகும் சிகரம் காங் யாட்சே இரண்டு, அதாவது அந்த மலையின் இரண்டாவது உச்சி. 6,250 மீட்டர். இங்கே எல்லோரும் முதலில் ஏறுவது ஸ்டோக் காங்ரியாகத்தான் இருந்தது. கூட்டம் தாங்காமல் 2020இல் அதை மூடினார்கள். ஸ்டோக் கிராமத்துக்குக் குடிக்கவும் பாய்ச்சவும் தண்ணீர் தருவது அந்த மலையின் பனிப்பாறை. அதில் போய் நூற்றுக்கணக்கானோர் முகாம் போட்டால் கிராமத்தார் என்ன செய்வார்கள்? மூடியது சரி.

இருபத்தோராம் நாள், அடிவார முகாம்

மார்க்கா பள்ளத்தாக்கில் நான்கு நாள் நடை. ஸ்கியு, மார்க்கா, ஹன்கர், நிமாலிங். நடை சுகமானது, பட்டாணிக் கொடிகளும் பாப்ளார் மரங்களும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். நேற்றே இங்கே வந்துவிட்டோம். இன்று கிராம்பான் கட்டப் பழகினோம், பனியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் கட்டும் இரும்பு முட்கள். எங்கள் வழிகாட்டி லடாக்கி, அறுபதை நெருங்குபவர். அண்ணன் என்ற பொருளில் அச்சோ என்று கூப்பிடுகிறோம். அவர் கட்டிக் காட்டி, பிரித்து, கையுறையோடு கட்டச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொன்னார். தம்பிக்கு இரண்டாவது முறையே வந்துவிட்டது. எனக்கு ஆறு முறை.

இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு. "எட்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும்" என்றார் அச்சோ. தலையாட்டினோம்.

இருபத்திரண்டாம் நாள், மறுபடி அடிவார முகாம்

கற்சரிவில் மூன்று மணி நேரம். பிறகு பனி. கிராம்பான் கட்டினோம், கயிறு கட்டினோம். தம்பி உதவி வழிகாட்டியோடு ஒரு கயிற்றில், நான் அச்சோவோடு இன்னொன்றில். மேலே பார்த்தால் அவர்களுடைய தலைவிளக்கு இரண்டும் தெரியும். முதலில் பத்தடி தூரத்தில், பிறகு ஐம்பது, பிறகு எது விளக்கு எது நட்சத்திரம் என்றே தெரியவில்லை.

நான் என் கணக்கில் ஏறினேன். ஒரு அடி, மூன்று மூச்சு. ஒரு அடி, மூன்று மூச்சு. தலைவலி இல்லை, குமட்டல் இல்லை. இதே வேகத்தில் நாள் முழுக்க ஏற முடியும் என்று தோன்றியது. பையிலிருந்த கடலை மிட்டாய் கல்லாக உறைந்திருந்தது. கடிக்க முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன், வெல்லம் கசிய ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர்க் குழாயும் உறைந்துவிட்டது.

ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தது. அச்சோ நின்று, என்னைப் பார்க்காமல் பனியைப் பார்த்தார். கோடரியின் அடிமுனையால் ஒரு குத்து. பிறகு கேட்டார், "உடம்பு எப்படி?"

"நன்றாக இருக்கிறது."

"தெரிகிறது. ஆனால் இந்த வேகத்தில் உச்சி பத்து மணிக்கு. இறங்கும்போது இந்தப் பனி இப்படி இருக்காது."

எட்டு மணி ஆகட்டும் என்றேன். ஏழேகாலுக்கு அவரே கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அவர் கைக்கடிகாரத்தில் 6,080 மீட்டர். மேலே முகடு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல இருந்தது. அதன்மேல் இரண்டு புள்ளிகள். ஒன்று கையை ஆட்டியது. எனக்குத்தானா என்று தெரியவில்லை, நானும் ஆட்டினேன்.

ஒன்பது மணிக்கு நாங்கள் சரிவின் கீழ்ப்பகுதியில் இறங்கிக்கொண்டிருந்தபோது பனி முழங்கால்வரை உள்ளே வாங்கியது. காலையில் ஆணி அறைந்த பலகைபோல இருந்த அதே இடம். காலை உருவினால் ஷூ உள்ளே தங்கப் பார்த்தது. பன்னிரண்டு மணிக்கு உச்சியிலிருந்து ஒருவன் இங்கே காலை வைத்தால் என்ன ஆகும் என்று அச்சோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பி முகாமுக்குள் வந்ததும், "அண்ணா" என்றான். வேறெதுவும் சொல்லாமல் தன் பையிலிருந்து எனக்கு வெந்நீர் ஊற்றினான். ஜிஸ்பாவில் நான் நிகழ்த்திய கால் மணி நேரச் சொற்பொழிவை அவன் எந்த நிமிடமும் திருப்பிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

இருபத்தைந்தாம் நாள், லே

காங்மாரு லா வழியாக இறங்கி வந்தாயிற்று. அவனுக்கு ஓட்டம்வரை இங்கேயே பயிற்சி. எனக்கு விடுமுறை முடிகிறது, நாளை விமானம். சைக்கிள் கடையில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்து, விடுதி முற்றத்தில் சைக்கிளைப் பிரித்தேன். முன்சக்கரம், சீட், ஹேண்டில் எல்லாம் கழன்றன. வலது பெடலும் கழன்றது. இடது பெடல் அசையவில்லை. ஸ்பானர் போட்டு இழுத்தேன், எண்ணெய் விட்டேன், ஸ்பானர்மேல் ஏறி நின்றேன். விடுதிக்கார அமா-லே ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாலை ஓட்டம் முடித்து வியர்வையோடு தம்பி வந்தான். சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்."

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். இந்த அரை மணி நேரமாக அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் ஸ்பானரை வாங்கி, மறுபக்கமாக, மிகவும் நிதானமாகத் தள்ளினான்.